அது புகைக்கு வந்த கண்ணீர்

நாளை உனக்கு வருஷப் பூசை. பூவுக்கும் மெழுகுதிரிக்கும் ஏதாவது கொடுத்துவிட்டு வரலாம் என்று இன்று காலை உன் வீட்டுப் பக்கம் போனேன். லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் விறகு அடுக்கி, மழை படாமல் மேலே ஒரு பேனரைப் போட்டு மூடியிருக்கிறார்கள். உன் கண்ணீர் அஞ்சலி பேனர்தான். கிழிந்த சேலை, முதுகில் கொழுந்துக் கூடை, கன்னத்தில் கண்ணீர். வானத்தைப் பார்த்து அழுதபடி கிடந்தாய். உன் நெற்றியில் ஒரு கோழி ஏறி நின்றது. இந்த மூஞ்சியை மட்டும் வைக்க விடாதே என்று நீ என்னிடம் சொல்லி வைத்தாயே, அதே மூஞ்சி.

உனக்கும் கொழுந்துக் கூடைக்கும் என்ன சம்பந்தம்? நம் தோட்டத்தில் தேயிலையே கிடையாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து நீ ரப்பர் பால் வெட்டியவள், வாளி தூக்கியவள். கூடையைச் சுமந்தது வாழ்நாளில் ஒரே ஒரு நாள். அதுவும் கொழும்பிலிருந்து டிவி நாடகம் எடுக்க வந்தவர்கள் மாட்டிவிட்டதால்.

அன்று காலை நீ எப்படி இருந்தாய் தெரியுமா? மயில்பச்சைச் சேலை, தலை நிறையப் பூ. புளத்கொகுபிட்டிய டவுனில் இருக்கும் என் போன் ரீலோட் கடைக்கு வந்து, "ஒரு போட்டோ புடிடி, டிவியில வரப்போறேன்" என்றாய். சிரி என்றேன். "பல்லக் காட்டுனா கூடக் குடுப்பாங்களா?" என்று முறைத்தாய். அந்த முறைப்போடுதான் படம் விழுந்தது.

வில்லி வேஷம் கேட்கப் போவதாகச் சொன்னாய். "அவளுக்குத்தான் வேலயே இருக்கு. மத்தவளுகளுக்கு அழுக மட்டுந்தான்." நாடகம் பார்க்கும்போதெல்லாம் நீ கொடுமைக்கார மாமியார் கட்சி. வாரப் பத்திரிகையில் தோட்டத்தைப் பற்றி ஏதாவது கதை வந்தால் உனக்கு வாசித்துக் காட்டுவேன். பாதியிலேயே, "இவளும் செத்துருவாளா?" என்று கேட்பாய். செத்துத்தான் போவாள். தோட்டத்துப் பெண்ணை நாலு பக்கத்துக்கு மேல் உயிரோடு வைத்திருக்க அந்த எழுத்தாளர்களுக்குத் தெம்பு கிடையாது. உன்னை மாதிரி ஒருத்தியைக் கதைக்குள் விட்டிருந்தால் கதையை அல்லவா கொன்றிருப்பாய்.

வில்லி வேஷமா கொடுப்பார்கள்? பச்சைச் சேலையை மாற்றிக் கிழிசலைக் கொடுத்தார்கள். முகத்தில் கரி தடவினார்கள். ரப்பர் மரத்தடியில் நிறுத்திக் கொழுந்துக் கூடையை மாட்டினார்கள். கூடை இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்குத் தோட்டத்துக்காரி என்று விளங்காதாம். கடையைப் பூட்டிவிட்டு நானும் வேடிக்கை பார்க்க வந்திருந்தேன். தோட்டத் துரை வேஷக்காரரிடம் நீ கூரைக்குத் தகரம் கேட்க வேண்டும். சந்தையில் பேரம் பேசுகிற அதே சிங்களத்தில் கணீரென்று கேட்டாய். டைரக்டர் நிறுத்திவிட்டார். இவ்வளவு நன்றாகப் பேசக் கூடாதாம். தோட்டத்து ஆட்கள் பேசுவது போல உடைத்து உடைத்துப் பேச வேண்டுமாம்.

"நான் தோட்டத்து ஆளுதானே மாத்தயா? அப்ப நான் பேசுறதுதானே தோட்டத்துப் பேச்சு?" என்று சிங்களத்திலேயே திருப்பிக் கேட்டாய். விளக்குப் பிடித்தவன் சிரித்தான். டைரக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. படித்த மனுஷன், ஏழைகள் மேல் ரொம்ப அக்கறையாம், தேநீர் குடிக்கும்போது அவரே சொன்னார். தான் மனதில் வைத்திருந்த ஏழை வந்து நிற்காமல் நீ வந்து நின்றதுதான் அவருக்குக் கோபம். வசனமே வேண்டாம், துரை காலில் விழுந்து அழு என்றார். "எங்க அம்மாவே எந்தத் துரை கால்லயும் விழுந்ததில்ல" என்று கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாய்.

பிறகு அவர்கள் தணிந்து வந்தார்கள். விழ வேண்டாம், அழவும் வேண்டாம், கூடையோடு அந்த அறைக்குள் போய்விட்டு மட்டும் வா என்றார்கள். அது ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடும் அறை. யார் போனாலும் கண்ணில் தண்ணீர் கொட்டும். நீ வெளியே வந்தபோது கமரா வாசலிலேயே காத்திருந்தது.

நாடகம் வந்த அன்று உன் வீட்டில்தான் எல்லாரும் கூடினோம். துரை திட்டுகிறார். உடனே உன் முகம் வருகிறது, கண்ணீர் வழிகிறது, பின்னால் புல்லாங்குழல். லயமே மூக்கைச் சிந்தியது. உன் வாய்க்குப் பயந்து பின்வழியாகப் போகிறவர்கள்கூட உன்னைப் பார்த்து அழுதார்கள். "அது பொகைக்கு வந்த கண்ணீரு" என்றாய். யாரும் காதில் வாங்கவில்லை, அழுகை அவ்வளவு சுகமாக இருந்தது. நீ என்னை வெளியே இழுத்து வந்தாய். "நான் செத்தா எந்த மூஞ்சிய வேணும்னாலும் வைங்க. இந்த மூஞ்சிய மட்டும் வைக்க விட்டுறாதடி."

அடுத்த வாரம் கரவனெல்ல பஸ்ஸில் ஒரு சிங்கள நோனா எழுந்து உனக்கு இடம் கொடுத்தாள். "அனே பவ்" என்று உன் தோளைத் தடவினாள். ஐயோ பாவம் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பால் வெட்டிவிட்டு அந்த வாடையோடு அப்படியே நீ பஸ் ஏறிய நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் ஒதுங்கியவளும் அவள்தான். "கண்ணீருக்கு நாத்தம் இல்லையில்ல, அதான்" என்றாய் இறங்கும்போது. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

நெஞ்சுவலியில் நீ போன செய்தி கேட்டு நான் வந்து சேர்வதற்குள் பேனர் கட்டியாகிவிட்டது. தோட்டத்துப் பொடியன்கள் போனிலேயே அந்த நாடகப் படத்தை அனுப்பி அடித்து வாங்கிவிட்டார்கள். என்னிடம் இருந்த பச்சைச் சேலைப் படத்தை உன் மகனிடம் காட்டினேன். கொழும்புக் கடையில் வேலைக்கு நின்று அவனும் நாகரிகம் பழகிவிட்டான்.

"இதுல ரொம்ப மொறைக்கிறாங்க அத்த. பாக்குறவங்களுக்குப் பரிதாபம் வரணும்ல?"

"உங்கம்மா பரிதாபமா இருந்த ஒரு நாளச் சொல்லுடா, பாப்போம்."

அவன் தலை குனிந்துகொண்டான். பேனர் குனியவில்லை. சாவு வீட்டில் சண்டை போடாதே என்று என்னைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தார்கள். கோயிலில் ஃபாதர், நம் எல்லோருடைய கண்ணீரையும் திரையில் சிந்திய ஏழைச் சகோதரி என்று பிரசங்கம் வைத்தார். பாட்டுக் குழுவில் உனக்கும் அவருக்கும் நடந்த சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அன்று அழுதது ஆத்திரத்தில்தான். துக்கம் வீட்டுக்குப் போன பிறகு வந்தது, இன்னும் போகவில்லை.

இன்று கோழியை விரட்டிவிட்டுப் பேனரைப் புரட்டிப் போட்டேன். இப்போது வெள்ளைப் பக்கம் மேலே. விறகு நனையாமல் இருக்க எந்தப் பக்கம் இருந்தால் என்ன?

உன் பச்சைச் சேலைப் படத்தைப் பெரிதாக்கிக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பிற்பகல் அந்த பஸ் நோனா ரீலோட் போட வந்தாள். அந்த நாடகத்தைத் திரும்பவும் போடுகிறார்களாம். அதில் அழுகிற கூடைக்காரப் பெண் செத்துப்போனதாக யாரோ சொன்னார்களாம். "அனே பவ்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் படத்துக்கு நேர் கீழேதான் நின்றுகொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"இது யாரு, இப்படி முறைக்கிறது? உங்க சொந்தமா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

வாசல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நின்றாள். ரீலோட் போட்டு அனுப்பிவிட்டு, ஸ்டூலில் ஏறி உன் படத்தைக் கழற்றித் துடைத்தேன். உள்ளே நுழைகிற யாரும் தப்ப முடியாதபடி, வாசலுக்கு நேராக மாட்டிவிட்டேன்.