குறை சொல்லி விற்ற வீடு

என்னங்க,

நேற்று பெய்த மழையில் கூடத்துச் சுவர் ஊறி, இன்று காலை அந்தச் செங்கல் வாசனை கிளம்பியது. உங்களுக்கு அது வாசனை, எனக்கு அது ஈரம். வருஷா வருஷம் இதே சண்டைதான் நமக்கு. இன்றைக்குச் சண்டை போட ஆளில்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் வீடு பார்க்க வந்தார்கள்.

ஆமாம், வீட்டை விற்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் தெருவை இப்போது பார்த்தால் உங்களுக்கு அடையாளமே தெரியாது. எதிர்வீடு கண்ணாடி போட்ட பட்டுக் கடை. பக்கத்து வீட்டை இடித்து அந்தக் கடைக்கு வரும் கார்களை நிறுத்துகிறார்கள். எனக்கு மாடி ஏற முழங்கால் ஒத்துழைப்பதில்லை. சென்னையில் நம் மகள் எனக்கென்று ஓர் அறையை ஒழித்து வைத்துவிட்டு, "எப்பம்மா வர்ற?" என்று தினமும் போனில் நச்சரிக்கிறாள்.

நீங்கள் இருக்கும்போதே மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மூன்று பேரையும் நீங்களே விரட்டிவிட்டீர்கள். எல்லாம் புடவை விற்ற பழக்கம். வாங்க வந்தவர்கள் முன்னால் புடவையை வெளிச்சத்தில் பிடித்து, இழை விட்டுப்போன இடத்தை முதலில் காட்டுவது நீங்களாகத்தான் இருக்கும். "குறைய நாம காட்டணும். அவங்களா கண்டுபுடிச்சா அது ஏமாத்து வேலை" என்பீர்கள். புடவைக்குச் சரி, வீட்டுக்குமா? பெரணமல்லூரிலிருந்து வந்த அந்த ரிட்டயர்டு தாசில்தாரை உட்காரக்கூட விடாமல், "மாடி மூலையில ஒழுகும் சார். அரிசி மில்லு உமி காத்துல வரும். கார் உள்ள நுழையாது" என்று அடுக்கினீர்கள். காப்பியைக் குடித்துவிட்டுப் போன மனுஷன் திரும்பியே பார்க்கவில்லை.

"உங்களுக்கு விக்கற மனசே இல்ல. அதான் யோக்கியன் வேஷம் கட்டிகினு கீறீங்க" என்று கத்தினேன். நீங்கள் மறுக்கவில்லை. சிரித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று வந்தது ஒரு சின்ன வயசு ஜோடி, இருவரும் பள்ளிக்கூடத்தில் வேலை. புரோக்கர் முன்கூட்டியே என்னை ஓரமாக அழைத்து, "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், வாயத் தொறக்காதீங்க" என்றார். திறக்கக் கூடாது என்றுதான் நானும் இருந்தேன். அந்தப் பெண் சுவரைத் தடவி, "எவ்ளோ குளுகுளுன்னு இருக்கு!" என்றாள்.

"குளுகுளு இல்லம்மா, ஈரம். ஐப்பசில துணிய இங்க வெச்சா பூசணம் புடிக்கும்" என்றேன். அதற்குப் பிறகு வாய் நிற்கவில்லை. ஒழுகும் மூலை, உமி, பின்தெரு பவர்லூம் சத்தம், சமையலறை வாசலில் தலை இடிப்பது, ஒன்றையும் விடவில்லை. புரோக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது, எனக்கும் விற்க மனசில்லை. உங்களை மட்டும் அன்றைக்கு அப்படித் திட்டினேனே.

அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "பரவால்லம்மா, எங்களுக்குப் புடிச்சிருக்கு. ரிப்பேர் பண்ணிக்கறோம். வேற ஏதாச்சும் குறை இருந்தா அதையும் சொல்லிடுங்க" என்றாள்.

"இருக்கு. சாயங்காலம் ஆனா இந்தக் கூடத்துல தனியா உக்கார முடியாது."

அவள் முகம் வெளுத்துவிட்டது. புருஷன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏதாச்சும் நடமாட்டமாம்மா?"

"நடமாட்டம் இருந்தாத்தான் தேவலையே! எங்க வீட்டுக்காரரு போயி ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு சத்தமும் இல்ல."

சொல்லிவிட்டு அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல், புரோக்கர் முன்னாலேயே. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள்:

"அது வீட்டோட குறை இல்லம்மா. நாங்க ரெண்டு பேரு இருக்கோமே."

சரி என்று தலையாட்டிவிட்டேன். அடுத்த வாரம் பத்திரம். ஒழுகுவதையும் உமியையும் அவர்களுக்கு விட்டுவிட்டேன். அந்த ஒரு குறையை மட்டும் நான் சென்னைக்கு எடுத்துப் போகிறேன்.