ஒற்றை ஆள் வெளிநடப்பு

அண்ணாச்சி,

இன்று காலை அலுவலகத்து இரும்பு அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்த எழுத்தர், சணலால் கட்டிய ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எல்லாம் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள். முன்பக்கம் ராகு காலமும் நல்ல நேரமும். பின்பக்கம் உங்கள் சரிந்த கையெழுத்தில் ‘எதிர்ப்புக் குறிப்பு’. கட்டைப் பிரித்ததும் வார்னிஷ் வாடை முகத்தில் அடித்தது. செம்புக் கம்பியால் காயில் கட்டி முடித்த மோட்டாருக்கு நீங்கள் பூசும் அதே வார்னிஷ்.

“இத என்னம்மா செய்ய? பழைய பேப்பருக்குப் போட்டுரவா?” என்று எழுத்தர் கேட்டார். இங்கேயே இருக்கட்டும் என்றேன். அதன்பிறகு வேலை ஓடவில்லை. ஒரு தாளில் எதிர்ப்பு அடங்காவிட்டால் அடுத்த நாளையும் கிழித்துவிடுவீர்கள். அதனால் உங்கள் மோட்டார் ரிப்பேர் கடையில் தேதி எப்போதும் ஊரைவிட இரண்டு நாள் முன்னால் ஓடும். அதை நினைத்துச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற எழுத்தர் என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

நம் பேரூராட்சியில் பதினைந்து வார்டு. பதினான்கில் எங்கள் கட்சி. ஒன்றில் எதிர்க்கட்சியாக நீங்கள். அந்த ஒன்றும் நாங்கள் போட்ட பிச்சை என்பது எங்கள் ஆட்களின் ஆற்றாமை. சீட்டுக் கிடைக்காமல் கோபித்துக்கொண்ட எங்கள் ஆட்கள் இருவர் உங்கள் வார்டில் சுயேச்சையாக நின்று வாக்கைப் பிரித்தார்கள். நீங்கள் ஜெயித்த செய்தியோடு ஆட்கள் ஓடிவந்தபோது யார் வீட்டுக் கிணற்றிலோ மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தீர்களாம். “இரியுங்க, இத மாட்டிட்டு வாறேன். வீட்டுல குளிக்கத் தண்ணி இல்ல” என்றீர்களாம்.

நான் தலைவியானதும் அப்படியொன்றும் பெரிய கதையில்லை. பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. என் கணவருக்குக் கட்சியில் பழக்கம் இருந்தது. தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த என்னை ஒரு வார்டில் நிற்கவைத்து, ஜெயித்ததும் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முதல் கூட்டத்தில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒன்று போட்டிருந்தார்கள். எனக்கும் அது இயல்பாகத்தான் பட்டது. நான் வணக்கம் சொல்லி முடிக்குமுன் நீங்கள் எழுந்தீர்கள்.

“தலைவரே, ஒரு சந்தேகம். உங்க பக்கத்துல இருக்கப்பட்டவரு எந்த வார்டு?”

எல்லாரும் சிரித்தார்கள். துணைத்தலைவர், “அண்ணாச்சி, அது தலைவரம்மாவுக்க மாப்ளையாக்கும். தெரியாத மாதிரி கேக்காதேயும்” என்றார்.

“மாப்ளைன்னு தெரியும். அவங்க கல்யாணத்துல நான் பந்தியில இருந்து சாப்பிட்டிருக்கேன். எந்த வார்டுன்னுதான் கேட்டேன்.”

என் கணவர் பாதி எழுந்து, “சும்மா ஒரு ஒத்தாசைக்கு...” என்று இழுத்தார்.

“அப்ப நானும் எங்க வீட்டுக்காரிய ஒத்தாசைக்குக் கூட்டிட்டு வரட்டா? அவளுக்கு என்னவிட நல்லாப் பேச வரும்.”

கணவர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஆனால் அடுத்து என்ன என்று கேட்க எல்லாரும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார்கள். தீர்மான நகலை நானே எடுத்து வாசிக்கவேண்டியதாயிற்று. உங்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே அன்று அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். அப்படியொரு பழக்கம் எனக்கு வந்தது உங்கள்மேல் இருந்த கோபத்தால்தான்.

அதன்பிறகு மாதம் தவறாமல் உங்கள் வெளிநடப்பு. உங்கள் தீர்மானங்களை வழிமொழிய ஆள் கிடையாது. பேச எழுந்தால் மைக் வேலை செய்யாது. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒரே ஆளும் நீங்கள்தான். கடைசியில், “இதைக் கண்டித்து நான் வெளிநடப்புச் செய்கிறேன்” என்று புத்தகத் தமிழில் சொல்லிவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு கிளம்புவீர்கள். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பீர்கள், பின்னால் யாராவது வருகிறார்களா என்று. ஒருவரும் வரமாட்டார்கள். நேரே போய் வராந்தாவில் ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வீர்கள். அலுவலக உதவியாளர் ராஜம்மை டீயும் ரசவடையும் கொண்டுவந்தால் முதல் தட்டு அங்கேதான் போகும். துணைத்தலைவர் முறைத்தால், “வெளிய போனவியளுக்கும் பசி உண்டும் சார்” என்பாள்.

ஒரு தடவை உங்கள் தலை ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம் தெரிந்தது.

“தலைவரே, ஏழாம் நம்பர் தீர்மானத்துல உள்ள தெரு நம்ம ஊர்லயே இல்ல!”

“வெளிநடப்பு செய்தவரு பேசப்பிடாது!” என்று துணைத்தலைவர் கத்தினார்.

“நான் பேசல்ல. ரோட்டுல போற ஒருத்தன் கேக்கான்னு வச்சுக்கிடும்.”

எழுத்தரை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அது பக்கத்துப் பேரூராட்சியின் தெரு. நாங்கள் அங்கே போய்ச் சாக்கடை கட்ட இருந்தோம்.

அப்புறம் மேலக்குளம் வந்தது. குளத்தின் கீழ்ப்பாதியை மண்போட்டு மூடி வணிக வளாகம் கட்டவேண்டும் என்று துணைத்தலைவர் கொண்டுவந்த தீர்மானம். எனக்கும் பிடித்திருந்தது. கல்வெட்டில் என் பெயர் எந்த அளவில் வரும் என்றுகூட யோசித்துவைத்திருந்தேன். கூட்டத்துக்கு முந்திய நாள் காலையில் நீங்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். சபையில் ‘தலைவரே’. வெளியே, மகளைக் கூப்பிடுவதுபோல, நான் உங்களுக்கு எப்போதும் ‘மக்களே’தான்.

“மக்களே, நாளைக்கு எதிர்க்கத்தான் போறேன். அதுல மாத்தம் இல்ல. அதுக்கு முன்ன ஒரு சாயா குடிக்க வாருங்க.”

உங்கள் பழைய மொபெட்டின் புகைக்குப் பின்னால் நான் ஸ்கூட்டரில் வந்தேன். கடலைப் பார்த்துக் கிடக்கும் கீழத்தெருவில் ஒரு வீட்டு முற்றத்தில் நிறுத்தினீர்கள். அந்த வீட்டம்மாள் சாயா தந்தாள். ஒரு வாய் குடித்தேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாளோ என்று உங்களைப் பார்த்தேன்.

“உப்பு ஒண்ணும் போடல்ல மக்களே. கெணத்துத் தண்ணியாக்கும். குளம் நெறஞ்சு கெடந்தா இது நல்ல வெள்ளம். இப்ப ரெண்டு மாசமா குளம் வத்திக் கெடக்குல்லா, கடல் ஏறி வந்துட்டு. குளத்த மூடினா பொறவு இவியளுக்கு எந்நாளும் இந்தச் சாயாதான்.”

வீட்டம்மாள், “எங்களுக்குப் பழகிப்போச்சு. உங்களுக்கு இன்னொரு கிளாஸ் விடட்டா?” என்று கேட்டாள். மரியாதைக்காக அதையும் குடித்தேன். என் பதவிக்காலத்தில் நான் செய்த பெரிய சேவை அதுதான்.

மறுநாள் அந்தத் தீர்மானம் வந்ததும், ஒத்திவைக்கிறேன் என்றேன். எதிர்ப்பதற்காக ஏற்கெனவே எழுந்து நின்ற நீங்கள், எதிர்க்க ஒன்றும் இல்லாமல் கையில் காலண்டர் தாளோடு விழித்தீர்கள். பிறகு, ஒத்திவைத்த முறை சரியில்லை என்று சொல்லி வெளிநடப்புச் செய்தீர்கள்.

துணைத்தலைவர் மன்னிக்கவில்லை. மாதம் ஒன்று ஆகுமுன் என் கட்சி ஆட்களே என்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். பதினோரு கையெழுத்து. என்னோடு நின்றது கீழத்தெரு ஸ்டெல்லாவும் ஆறாம் வார்டு பாத்திமாவும்தான். என்னை இறக்கப் பன்னிரண்டு பேர் வேண்டும். பன்னிரண்டாவது ஆள் நீங்கள்.

அந்த வாரம் உங்கள் கடையைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதுவரை உங்கள் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் போடாதவர்கள் எல்லாம் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். ஒருவர் ஃபேன், ஒருவர் அயர்ன் பாக்ஸ். துணைத்தலைவர் ஆட்டோவில் வாஷிங் மெஷினையே ஏற்றிவந்தார். எல்லாவற்றையும் பிரித்து, பழுதுபார்த்து, பெயர் எழுதிய சீட்டுக் கட்டி வரிசையாக வைத்தீர்களே தவிர, வாக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் கணவரும் எனக்குத் தெரியாமல் எங்கள் கிரைண்டரைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். “இதுல கேடு ஒண்ணும் இல்ல. கொண்டுவந்தவருக்குத்தான் மனசு செரியில்ல” என்று சொல்லிவிட்டீர்களாம்.

நான் உங்களிடம் வரவில்லை. வந்து என்ன கேட்பது? ஒவ்வொரு மாதமும் என்மேல் நம்பிக்கையில்லை என்று எழுதித் தந்த ஆள் நீங்கள். வாக்கெடுப்பன்று காலையில் என் தண்ணீர்ப் பாட்டிலையும், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த மேசை மின்விசிறியையும் பையில் எடுத்துவைத்துவிட்டுத்தான் கூட்ட அறைக்குள் நுழைந்தேன். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி என் நாற்காலியில் இருந்தார். யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார். நீங்கள் எழுந்தீர்கள். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“எனக்கு இந்தத் தலைவர்மேல நம்பிக்கை கெடையாது. மொத நாள்ல இருந்தே கெடையாது. எழுதிக் குடுத்திருக்கேன், அலமாரியில கெடக்கு” என்றீர்கள். துணைத்தலைவர் மேசையைத் தட்டினார். “ஆனா இந்தப் பதினோரு பேருக்கும் போன மாசம்வரை நம்பிக்கை இருந்துல்லா? ஒரு குளத்த மூடாததுக்கு அது எங்க போச்சு? குளத்துல விழுந்துட்டா? அத இவங்க சொல்லமாட்டாங்க. அதனால இதைக் கண்டித்து நான் வெளிநடப்புச் செய்கிறேன்.”

வேட்டியைச் சரிசெய்தீர்கள். கிளம்பினீர்கள். அன்று வாசலில் திரும்பிப் பார்த்தபோது உங்கள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பின்னால் ஒருவர் வந்தார். துணைத்தலைவர்தான், ஓடியே வந்தார்.

“அண்ணாச்சி, இன்னைக்கு மட்டும் வேண்டாம்! உள்ள வாரும்! நீரு என்ன வேணும்னாலும் பேசும்!”

“இத்தன வருசமா வெளிய போகும் போகும்னு சொன்னியள்லா” என்றீர்கள். ராஜம்மை அதற்குள் தட்டை நீட்டிவிட்டிருந்தாள்.

அதிகாரி இரண்டு தடவை எண்ணினார். இரண்டு தடவையும் பதினொன்றுதான்.

நான் வராந்தாவுக்கு வந்து உங்கள் முன்னால் நின்றேன். நீங்கள் ரசவடையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னீர்கள்: “நன்றியெல்லாம் வேண்டாம் மக்களே. நம்பிக்கை இல்லன்னு சொன்னது சும்மா இல்ல. கீழத்தெருவுல மூணு லைட்டு எரியல்ல. அடுத்த கூட்டத்துல கிழிச்சுருவேன்.” சொன்னபடி கிழிக்கவும் செய்தீர்கள். உங்கள் கட்சியும் விடவில்லை. ஆளும் தலைவியை இறக்கக் கிடைத்த வாய்ப்பை ஏன் விட்டாய் என்று விளக்கம் கேட்டது. ‘வழக்கம்போல் வெளிநடப்புச் செய்தேன், முன்பு செய்தபோதெல்லாம் கட்சி பாராட்டியுள்ளது’ என்று காலண்டர் தாளில் எழுதி அனுப்பினீர்கள்.

போன மழையில், கடையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டீர்கள். வீட்டுக்கு வந்திருந்தேன். உங்கள் வீட்டுக்காரி மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவிய வீட்டுல ஒரு நாளும் உங்களக் குத்தம் சொன்னதில்ல கேட்டியளா. எல்லாத்தையும் ஆபீஸ்லயே சொல்லித் தீத்துட்டு வந்துருவாவ” என்றார். அழவேண்டிய இடத்தில் சிரித்துவிட்டேன். மைனியும் சிரித்தார். பிறகு இருவரும் அழுதோம்.

அந்த மாதக் கூட்டத்தில் இரங்கல் தீர்மானம். எல்லாரும் எழுந்து நின்றோம். ‘ஏகமனதாக’ என்று எழுதப்போன எழுத்தர் பேனாவை நிறுத்தி ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். துணைத்தலைவரும் பார்த்தார், அதை ஒப்புக்கொள்ளமாட்டார். இடைத்தேர்தலில் உங்கள் வார்டையும் எங்கள் கட்சியே பிடித்தது. இப்போது பதினைந்தும் ஒன்று. ராஜம்மை வடை வாங்கித் திரும்புமுன் கூட்டம் முடிந்துவிடுகிறது.

போன வாரம் மேலக்குளம் மறுபடி வந்தது. புதிய உறுப்பினர் துணைத்தலைவரின் பக்கம். இப்போது அவர்களிடம் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அது தெரிந்துதான் நான் எதிர்ப்பு என்றேன். “தலைவரே எதிர்ப்புன்னு எழுதலாமாம்மா?” என்று எழுத்தர் கேட்டார். எழுதும் என்றேன். ஸ்டெல்லாவும் பாத்திமாவும் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொன்னார்கள். பன்னிரண்டுக்கு மூன்றாகத் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் எதிர்ப்புப் பதிவாகியிருக்கிறதே என்று மாவட்ட அலுவலகம் விளக்கம் கேட்டிருப்பதால் மண் லாரி இன்னும் வரவில்லை. என்னை இறக்க மறுபடியும் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று கேள்வி. இறக்கினாலும் இறக்கலாம். என் மின்விசிறி கனமில்லாததுதான்.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லவேண்டும், அண்ணாச்சி. போன வாரக் கூட்டத்தில் துணைத்தலைவர் பேசப் பேச, எழுந்து வெளியே போகச் சொல்லிக் கால் துடித்தது. புத்தகத் தமிழில் அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நான் எழுந்தால் அந்த நாற்காலியில் துணைத்தலைவர் உட்கார்ந்துவிடுவார், கூட்ட விதி அப்படி. அதனால் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அங்கேயே இருந்தேன். உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு எதிர்ப்பது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இப்போது உங்களைவிட எனக்கு அனுபவம் அதிகம்.