அறுபத்தைந்தில் ஒரு கோடு

மார்ச் 4, செவ்வாய்
நான் தேடும் புரதத்தில் மட்டும் ஒட்டி அதைக் கோடாகக் காட்டுகிற ஆன்டிபாடியின் பழைய குப்பி ஒருவழியாகத் தீரப்போகிறது. எங்கள் லேபில் எல்லோருக்கும் ஒரே பழக்கம்: செல்லின் புரதங்கள் எடைவாரியாகப் படிந்த மெம்ப்ரேன் தாளை அதில் முழுசாக நனைக்காமல், புரதம் நிற்கவேண்டிய இடத்தை மட்டும் விரல் அகலத்துக்கு வெட்டி, அந்தப் பட்டையை நனைப்பது. சொட்டு மிச்சமாகும். அப்படியே நாலு வருஷம் ஓட்டினேன். இன்று புதுக் குப்பி, சரி போகட்டும் என்று முழுசாக நனைத்தேன். ஏழு கோடுகள். நான் தேடுவது உடம்பில் வீக்கத்தைக் கிளப்பிவிடும் புரதம் ஒன்றைத்தானே? ஏழு இடத்தில் அதற்கென்ன வேலை?

மார்ச் 7, வெள்ளி
பக்கத்து லேப் அக்காவிடம் கெஞ்சி, அந்தப் புரதத்தின் மரபணுவையே நீக்கிய செல்களை வாங்கிவந்தேன். இதில் அந்தப் புரதத்தின் எடையான அறுபத்தைந்தில் கோடு வரவே கூடாது. வராது.

மார்ச் 12, புதன்
வந்தது. கொழுகொழுவென்று, அதே அறுபத்தைந்தில். பழைய குப்பியின் கடைசிச் சொட்டிலும் வந்தது. மூணு தடவை பாத்தாச்சு. இல்லாத புரதத்துக்கு எப்படிடி கோடு வரும்? அப்ப நாலு வருஷமா நான் அளந்தது என்ன? வேற ஏதோ ஒண்ணு. அதோட பேர் கூட எனக்குத் தெரியாது. அழுகையும் வரல.

மார்ச் 13, வியாழன்
அம்மா போன் செய்தாள். விரல் மூட்டெல்லாம் வீங்கி, மூடி திறக்க முடியவில்லையாம். "உன் ஆராய்ச்சியில என் கைக்கு ஏதாச்சும் வருமாடி? சரி, முதல்ல பட்டத்த வாங்கு. விரல் எங்க ஓடிடப் போகுது" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி
என் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடிடம் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.
"வேற யார் பாத்தா?"
"யாரும் பாக்கல சார்."
"இதே ஆன்டிபாடிய எத்தனை பேர் போட்டிருக்காங்க. எல்லாரும் முட்டாளா?" பிறகு குரல் இறங்கியது. "ஆறு நாள்ல தீசிஸ் போகணும்மா. உதவித்தொகையும் அதோட நின்னுடும். மறுபடி நாலு வருஷம், உன்னால முடியுமா?"
அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மார்ச் 20, வியாழன்
தீசிஸைக் கொடுத்துவிட்டேன். அறுபத்தைந்தை மட்டும் காட்டும், வெட்டிய பட்டைப் படங்களோடு.

ஆகஸ்ட் 28, வியாழன்
பட்டம் வந்தது. அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்
எங்கோ இருக்கும் ஒரு மாணவியிடமிருந்து மெயில். என் தீசிஸைப் படித்துத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தாளாம். எந்த ஆன்டிபாடி, எவ்வளவு கலக்கவேண்டும் என்று கேட்டிருந்தாள்.
உண்மையை எழுதினேன், அரைப் பக்கம். அழித்தேன். மறுபடி எழுதினேன். பத்து மணிக்கு எனக்கு வகுப்பு; கல்லூரியில் பாடம் நடத்தும் இந்த வேலையே அந்தப் பட்டத்தால் வந்தது. அதையும் அழித்துவிட்டு, கம்பெனி பெயர், குப்பியின் எண், ஆயிரத்துக்கு ஒரு பங்கு என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.
வகுப்பு முடிந்து வந்தால் பதில் இருந்தது. "ரொம்ப நன்றி மேடம். இன்னைக்கே ஆர்டர் போட்டுட்டேன்."