உன் மகன் கடித்த காப்பு

பண்ணைப்புரம்
1937, தை மாதம்

சிரஞ்சீவி பொன்னுராஜுக்கு அம்மா சந்தனம்மாள் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் ராமுத்தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம், கண்டிக் குளிரில் உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறதென்று ஒளிக்காமல் எழுது. நீ கேட்ட போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். பெற்ற மகனை நீ முதன்முதலாகப் பார்க்கப்போவது இதில்தான், ஆகையால் இதைப் படித்துவிட்டு அதைப் பார்.

வலது கையில் மயிலும் கொடியுமாக மின்னுகிற வெள்ளிக் காப்பு உன் மாமியார் கஸ்தூரியம்மாள் கோம்பையிலிருந்து கொண்டுவந்தது. இடது கையை வாயில் வைத்திருக்கிறானே, அதில் பாதி தெரிவதுதான் நான் போட்டது. ஆளுக்கொரு சோடி செய்திருந்தோம், போட்டோவுக்கு எதைப் போடுவது என்று பேச்சு முற்றியதில், கைக்கு ஒண்ணாப் போட்டுருவோம், ரெண்டு பேரும் பேசாம இருங்க என்று உன் பெண்சாதிதான் தீர்த்துவைத்தாள்.

உன் மாமியாருக்குக் கையெழுத்துப் போட வராது, ஆனால் நகாசு, ரவை வேலை, கம்பி வேலை என்று ஆசாரி வீட்டில் பிறந்தவர்கள் மாதிரி பேசுகிறார்கள். என் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன மதினி, ஒரு வேலைப்பாடும் இல்லையே, கன்னுக்குட்டிக்குப் போட்ட வளையம் மாதிரியில்ல இருக்கு என்றார்கள். அஞ்சாம் வகுப்புவரை படித்த எனக்கு அந்த வார்த்தைகளில் ஒன்றுகூடத் தெரியாதது பொறுக்கவில்லை. உத்தமபாளையம் ஆசாரியிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். மெல்லிய தகட்டை அரக்கில் பதித்துப் பின்பக்கமிருந்து சிற்றுளியால் தட்டிப் பூவை முன்னால் எழுப்புவதுதான் நகாசாம், காப்பென்றால் உள்ளே அரக்கை நிரப்பி மூடிவிடுவார்களாம். மேலே மயில், உள்ளே அரக்கு என்று எனக்கு நல்ல சிரிப்பு. அந்த ஆசாரி, ஒங்களுது கெட்டி ஆத்தா, பின்னாலருந்து தட்ட ஏலாது, வேணுமின்னா மேல ரெண்டு பூ செதுக்கித் தாரேன் என்றார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். ஆசை இல்லாமல் இல்லை.

போட்டோக்காரர் எவ்வளவு கைதட்டியும் பிள்ளை வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. எது தெரியணுமோ அது தெரியுது மதினி என்றார்கள் உன் மாமியார். வீட்டுக்கு வந்து எச்சிலைத் துடைத்தபோதுதான் பார்த்தேன், என் காப்பில் இரண்டு சின்னக் கீறல். கீழ்ப்பல் இரண்டு முளைத்திருக்கிறது அவனுக்கு. மயில் காப்பு உதட்டில் குத்துகிறது, ஒரு தரம் கடித்து அழுதவன் பிறகு அதை வாய்க்குக் கொண்டுபோவதே இல்லை. அம்மியில் உரசியிருக்கும் அத்தே என்கிறாள் ராமுத்தாய், அவள் அம்மாவுக்கு மகள் வேறென்ன சொல்வாள். ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன், மெருகு போட்டால் மறைந்துவிடும் என்றார், அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீ வந்து உன் விரலால் தடவிப் பார்க்கிறவரைக்கும் அதில் ஒருவரையும் கைவைக்க விடமாட்டேன்.

சுருளி வேலப்பன் துணையிருந்து உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். நெஞ்சுக்குத் தைலம் தடவிக்கொள். தோட்டத்து ஆட்களிடம் போட்டோவைக் காட்டினால் வாயில் இருப்பது அப்பத்தா காப்பு என்று சொல். உன் மாமியாருக்கும் எழுது, மயில் நன்றாயிருக்கிறது என்று ஒரு வரி போதும்.

உன் அம்மா,
சு. சந்தனம்மாள்