நாலு காலும் ஒரு பிரேக்கும்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. டிரைவிங் கிளாஸ் எதுவும் இல்லை. கார் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது, முன்பக்கம் நசுங்கி, தலையில் ‘பெண்களுக்கு மட்டும்’ என்ற என் மஞ்சள் போர்டோடு. மானம் போகிறது.

எழுதிப் பார்க்கிறேன், மனசு அடங்குகிறதா என்று. சனிக்கிழமை சாயங்காலம், முடிச்சூர் ரோடு. ஓட்டியது உமா. பேங்க் வேலை, ஆறாவது கிளாஸ், கையில் எல்.எல்.ஆர்., பழகுநர் லைசென்ஸ்தான். பக்கத்து சீட்டில் நான். என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். நாய் குறுக்கே வந்தது. உமா பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தாள். ஓரத்தில் இளநீர் வண்டி. ஏழுமலை என்பவருக்கு வலது கால் முறிவு. ரோடு முழுக்க இளநீர் உருண்டது.

ஸ்டேஷனில் கேட்டது ஒரே கேள்வி. “லைசென்ஸ் யார்கிட்ட?”

“என்கிட்ட சார்.”

“அப்ப நீதாம்மா.”

எஃப்.ஐ.ஆர். என் பேரில். ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதிவேகமாம்! செகண்ட் கியரில்! ஆறாவது கிளாஸில் எவளுக்கு நான் தேர்ட் கியர் கொடுத்திருக்கிறேன்? பின்னால் மாட்டு வண்டி வந்திருந்தால் அதுவே ஹாரன் அடித்திருக்கும்.

ஜாமீன் அங்கேயே கொடுத்துவிட்டார்கள். திரும்பும்போது என் வீட்டுக்காரர் பாஸ்கரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் என் கால் தானாக ஃபுட்ரெஸ்டை அழுத்தியது. “கலா, பிரேக்கை நான் பாத்துக்கறேன், நீ சும்மா வா” என்றார். பதினைந்து வருஷமாக இதையேதான் சொல்கிறார். அன்று மட்டும் சுருக்கென்றது.

ஜூன் 10, செவ்வாய்

ஜி.எச். சாத்துக்குடி, ரொட்டி. ஏழுமலை அண்ணனுக்கு முட்டிக்குக் கீழே கட்டு. திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். நிதானமாகக் கேட்டார்.

“ஏம்மா, வண்டிக்குள்ள நாலு காலு கீது. ஒண்ணு கூட பிரேக்குல இல்லியா?”

பக்கத்து பெட்காரர் சிரித்தார். சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அதே கேள்வி.

சாப்பிடவில்லை. சமையல் கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்தேன்.

ஜூன் 11, புதன்

வக்கீல் ரேவதி மேடம். தாம்பரத்தில் மாடி ரூம், ஃபேன் கடகட. செக்ஷன் 281, அஜாக்கிரதையாக ஓட்டியது; அப்புறம் 125, காயப்படுத்தியது. என் வாழ்க்கை இப்போது இரண்டு நம்பர்.

“ஒத்துக்கிட்டா ஃபைனோட போயிடும்னு எல்லாரும் சொல்வாங்க. ஆனா தண்டனைனு பதிவாயிடும். அதை வெச்சு ஆர்.டி.ஓ. நோட்டீஸ் விடலாம். உங்க லைசென்ஸ், ஸ்கூல் அனுமதி ரெண்டுக்கும் ஆபத்து.”

ஒத்துக்கொள்ளாவிட்டால்?

“இடிச்சதாலயே அஜாக்கிரதை ஆயிடாது. அதை அவங்கதான் நிரூபிக்கணும். அவருக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் தனி, நீங்க கேஸ் நடத்தறதால அது நிக்காது.” பேனாவை மூடினார். “ஒண்ணு சொல்லுங்க. அந்த செகண்ட்ல உங்க கால் எங்க இருந்துச்சு?”

தெரியவில்லை. நாய் ஞாபகம் இருக்கிறது. உமாவின் வளையல் சத்தம், இளநீர்க்காரரின் துண்டு, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. என் கால் மட்டும் இல்லை. முதல் கிளாஸிலேயே ஒவ்வொருத்தியிடமும் சொல்வேன்: பயப்படாதம்மா, என் கால் எப்பவும் பிரேக் மேல இருக்கும்.

பயமாக இருக்கிறது. கேஸை நினைத்து அல்ல. ஒருவேளை கால் அங்கே இல்லாமல் போயிருந்தால்?

ஜூன் 12, வியாழன்

ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் காரைப் பார்த்துவிட்டார். இரண்டு பக்க பிரேக்கும் சரியாக இருக்கிறதாம். வண்டியில் கோளாறு என்று சொல்ல வழியில்லை. சர்வீஸுக்கு ஒழுங்காக விட்டதற்கு இதுவா பலன்!

பாஸ்கரோடு முடிச்சூர் ரோட்டுக்குப் போனேன். தாரில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு, இளநீர் வண்டி நின்ற இடம் வரைக்கும். டீக்கடைக்காரர் யாரிடமோ, “பாத்தியா, இன்னா ஸ்பீடுல வந்திருந்தா இப்டி இழுத்துகினு வந்திருக்கும்!” ஸ்டேஷனிலும் அந்தக் கோட்டை போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பேர் கிளாஸை நிறுத்திவிட்டார்கள். “அப்புறம் பாக்கலாம்க்கா.”

ஜூன் 14, சனி

உமாவின் வீட்டுக்காரர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மேடம், உமாவுக்கு இது ப்ரமோஷன் டைம். அவ பேர் வெளிய வர வேண்டாம். நீங்களே ஓட்டினதா ஒத்துக்குங்க. ஃபைன் எவ்வளவோ நாங்க பாத்துக்கறோம்.”

“உமா என்ன சொல்றாங்க?”

“அவ சொல்றதுக்கு என்ன இருக்கு?”

கதவைச் சாத்தினேன். கொஞ்சம் ஓங்கியே.

ஆனாலும் யோசித்தேன். நான் ஓட்டினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். குற்றத்தை மட்டும் ஒத்துக்கொள்ளத்தான் தோன்றுகிறது. கால் எங்கே இருந்தது என்றே தெரியாதவள் கோர்ட்டில் நின்று எதை மறுப்பது?

ஜூன் 15, ஞாயிறு

தூறல். மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். உமா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள், தனியாக. கண் வீங்கியிருந்தது.

“அக்கா, என்னால தூங்க முடியல. நான் பிரேக்கைத் தொடவே இல்ல. இடிச்சு நிக்கிற வரைக்கும் ஆக்சிலேட்டரைத்தான் மிதிச்சுட்டே இருந்தேன். வண்டி ஏன் நின்னுச்சுன்னே எனக்குத் தெரியல.”

கிரைண்டரை நிறுத்தினேன். திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பவும் அதையே சொன்னாள். தொடவே இல்லை.

அப்படியானால் தாரில் அந்தக் கோடு? பிரேக் பிடிக்காமல் டயர் தேயாது. உமா பிடிக்கவில்லை. காரில் இருந்தது இரண்டே பேர்.

மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். உமா பயந்துவிட்டாள்.

“கோர்ட்ல இதைச் சொல்வீங்களா?”

“சொல்றேன்க்கா.”

“உங்க வீட்டுக்காரர்?”

“அவருக்கு டிரைவிங் தெரியாதுக்கா.”

அழுகையிலும் சிரிப்பு வந்தது.

அக்டோபர் 15, புதன்

மழை. ஜி.எஸ்.டி. ரோட்டில் தண்ணீர். சம்மனில் போட்ட நேரத்துக்கு முன்னாலேயே கோர்ட். நீலப் புடவை. ஆதார் ஜெராக்ஸ், குடை. உமாவைக் காணோம். போன் எடுக்கவில்லை. சரி, மனசு மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பெயர் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். “இல்லைங்க ஐயா.” குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

வெளியே வந்தால் உமா. பேங்க் அடையாள அட்டை கழுத்தில், புடவை முழங்கால் வரை நனைந்து. சாட்சி சொல்ல வந்தாளாம். இன்றைக்கு இல்லை, அதற்கு இன்னும் மாதங்கள் ஆகும் என்றார் ரேவதி மேடம். “எப்ப கூப்பிட்டாலும் வரேன்” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரிய ஆறுதல்.

படிக்கட்டில் ஏழுமலை அண்ணன். கிளெய்ம் விஷயமாகத் தன் வக்கீலைப் பார்க்க வந்தாராம். கையில் கம்பு, நடை இன்னும் தாங்கித் தாங்கி.

“இன்னாம்மா, அன்னிக்கி கேட்டேனே. நாலு காலுல ஒண்ணாவது பிரேக்குல இருந்துச்சா?”

“இருந்துச்சு அண்ணா. என்னுது.”

தலையாட்டினார். கம்பை அடுத்த படியில் ஊன்றிவிட்டுத் திரும்பினார்.

“அப்பறம் ஏன் என் காலு ஒடஞ்சிச்சு?”

ரேவதி மேடத்திடம் இதற்குப் பதில் இருக்கும். நான் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்து, ஆட்டோ வரைக்கும் கூடப் போனேன்.