அக்குளில் வைத்த ஐஸ்

மாப்ளே,

இன்று காலை கடைக்கு ஐஸ் கட்டி வந்து இறங்கியது. ஈரச் சாக்கின் வாடை மூக்கில் ஏறியதும் உடைக்க எடுத்த கட்டையைக் கீழே வைத்துவிட்டேன். ரோஸ்மில்க் கேட்டவர் நின்றுகொண்டே இருந்தார்.

என் ரோஸ்மில்க் குடிக்கவே அமெரிக்காவிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஆள் வருகிறது என்று நான் சொன்னால், "அவன் பெருமாளைச் சேவிக்க வந்தான்டா, வழியில உன்கிட்ட மாட்டிக்கிட்டான்" என்பாய். எட்டாவதை இரண்டு முறை படித்தவன் ஆதலால், கூட்டினால் பதினாறாவது என்று எனக்குப் பட்டமும் கொடுத்தாய்.

நீ பக்கவாதத்தில் விழுந்து திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்தப் பதினாறு எதற்கும் உதவவில்லை. வலது கை வரவில்லை, பேச்சும் இல்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் வேறு. உடம்பைக் குளிரவைத்தால் மூளை பிழைக்கும் என்று போனில் பார்த்திருந்தேன். டாக்டரிடமே சொன்னேன். "காய்ச்சல் ஏறாம பாத்துக்கிறோங்க. அதுக்கு மேல குளிரவைக்கிறது பக்கவாதத்துல பலன் தருமான்னு இன்னும் உறுதியா தெரியல" என்றார். வராந்தாவில் நின்ற உன் மனைவியிடம், டாக்டரே என் யோசனையில் அசந்துபோனார் என்றேன். எனக்குத் தங்கச்சி முறை, நம்பினாள்.

மறுநாள் கடை ஐஸைத் துண்டில் சுற்றி உன் அக்குளில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் உன் உதடு அசைந்தது, தாடையும் அசைந்தது. வராந்தாவுக்கு ஓடினேன்.

"பேசிட்டான்மா. உன் பேரைத்தான் சொன்னான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நான் திரும்பியபோது நர்ஸ் துண்டை உருவிக்கொண்டிருந்தார். "யாருங்க இதை வச்சது? குளிர்ல நடுங்குறாருங்க. நடுங்கினா உடம்புச் சூடு இன்னும் கூடத்தான் செய்யும்."

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். எடுடா என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

இரண்டு நாளில் போய்விட்டாய். "மூளை வீக்கம் பெருசுங்க, ஐஸ் காரணமில்ல" என்றார் டாக்டர். எத்தனையோ கதைகளை ஊரை நம்பவைத்தவன் நான். அந்த ஒரு பேச்சை என்னால் நம்ப முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரும்போது தங்கச்சி கடையில் நிற்பாள். போன வாரமும் கேட்டாள்.

"அண்ணே, அன்னிக்கு அவர் எப்படிக் கூப்பிட்டாரு? நீங்க கேட்ட மாதிரியே சொல்லுங்க."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும், "வீட்டுல கூப்பிடுற மாதிரிதான்மா" என்று வந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

வரும் வெள்ளியும் கேட்பாள். நீ கூப்பிட்டதாகத்தான் சொல்வேன், மாப்ளே. உன் தாடை நடுங்கியது என்னோடு இருக்கட்டும்.