அம்மாவின் பிடி: பத்தொன்பது

நாள் 211, 21:40

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் பியூலா. எட்டாம் வகுப்பு. நிலவின் தென்முகாம், நான்காம் அறை. அம்மா ஜாய்சி இங்கே செடிக்கூடத்தில் வேலை செய்கிறாள். அவள் தூங்கியபின் எழுதுகிறேன்.

காலை 5:30க்கு ஒவ்வொரு தொழிலாளியும் தன் அறையில் இருக்கும் ரப்பர் பந்தை அமுக்க வேண்டும். பிடியின் பலம் எத்தனை கிலோ என்ற எண் மருத்துவ இயந்திரத்துக்குப் போகும். பன்னிரண்டு கிலோவுக்குக் கீழே என்றால் பூமிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவுக்கு ஆறு வருடமாக முடக்குவாதம். காலையில் இரண்டு மணி நேரம் விரல்கள் மடங்காது. அதனால், இந்தச் சோதனை வந்த நாளிலிருந்தே நான் அமுக்குகிறேன். நான்கு மாதமாக.

இன்று 19.

"ஏட்டி, மெதுவா அமுக்கு. பயில்வான்னு நெனச்சு மூட்டை தூக்க அனுப்பிரப் போறான்" என்றாள் அம்மா.

பூமியில் அவள் கட்டிலில்தான் கிடந்தாள். இங்கே உடல் எடை ஆறில் ஒரு பங்கு. குதித்துக் குதித்து நடக்கிறாள்.

நாள் 214, 22:15

பள்ளித் திரையில், பெயர் சொல்லாமல், மருத்துவ இயந்திரத்திடம் கேட்டேன்: முடக்குவாதம் உள்ளவர்கள் எத்தனை வருடம் இருப்பார்கள்?

பதில்: "சராசரியாகச் சில ஆண்டுகள் குறையலாம். எல்லோருக்கும் அல்ல. மூட்டுகள் நேரடியாக உயிரைப் பறிப்பது அரிது. இதய நோய், நுரையீரல் நோய், தொற்று ஆகியவையே முக்கியக் காரணங்கள். வீக்கத்தை மருந்தால் அடக்கி வைத்தால் ஆபத்து குறையும்."

இத்தனை நாளும் நான் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாள் 219, 22:50

அம்மா செடிக்கூடத்தில் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டாளாம். மூச்சு வாங்குகிறது. இடது தோளும் தாடையும் வலிக்கின்றன. "அதுவும் மூட்டுதான், மக்களே" என்கிறாள்.

இந்த முறை அவள் பெயரில் கேட்டேன். இதயப் பரிசோதனை எப்போது?

பதில்: "ஜாய்சி. பிடி 19, நான்கு மாதமாகச் சீர். நோய் அடங்கியுள்ளது. வீக்க மருந்து பாதியாகக் குறைக்கப்பட்டது. இதயப் பரிசோதனை ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது."

மூன்று முறை படித்தேன். இதைச் செய்தது என் கை.

நாள் 220, 23:05

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு கோபப்பட்டாள்.

"நீ வாயத் தொறந்தன்னு வை, அடுத்த கப்பல்ல ஏத்திருவாவ. அங்க நான் ஒண்ணுக்குப் போகவும் ஆள் பிடிக்கணும். ஒனக்கு அது சம்மதமா, ஏட்டி?"

"நீ செத்துப்போனா?"

"தாடை வலிச்சு எவளாது செத்திருக்காளா? போய்ப் படு."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். செய்து கொடுத்தேன்.

காலையில் 16 மட்டும் அமுக்கிப் பார்ப்பேன். பிறகு 14. மெதுவாகக் குறைத்தால் மருந்தையாவது கூட்டுவார்களா?

நாள் 221, 03:10

அம்மா எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். சட்டை முழுக்க வியர்வை. நெஞ்சில் யாரோ ஏறி நிற்கிற மாதிரி இருக்கிறதாம். சத்தியத்தை மீறிவிட்டேன். மருத்துவ இயந்திரத்தின் அழைப்புப் பொத்தானை அமுக்கினேன்.

"ஜாய்சி: ஆபத்து குறைவு. காலை வரை ஓய்வெடுக்கவும்."

அவசரம் என்று கத்தினேன்.

"உறுதி செய்யப் பந்தை அமுக்கவும்."

03:14

அம்மாவின் விரல்களைப் பந்தின் மேல் நானே மடக்கி வைத்தேன். அமுக்கினாள். 3.

"பிழை. இது ஜாய்சியின் கை அல்ல. உரியவர் அமுக்கவும்."

மறுபடி. 2.

"இது ஜாய்சியின் கை அல்ல."

அது நான்கு மாதமாக என் கையைத்தான் கற்றிருக்கிறது.

03:17

செல்வின் அண்ணன்தான் முதலுதவி ஆள். மூன்றாம் சுரங்கத்துக்கு அப்பால் தூங்குகிறார். அங்கே பேச வேண்டுமென்றாலும் இந்த இயந்திரம்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். வேறு வழி தெரியாமல் நானே அமுக்கினேன்.

"19. நன்று, ஜாய்சி. அவசரம் ரத்து செய்யப்பட்டது."

ஓடப் போகிறேன். நோட்டை அம்மாவின் மடியில் விரித்து வைக்கிறேன். எனக்கு முன்னால் யாராவது வந்தால்: பந்தை நம்பாதீர்கள். அது நான். அம்மாவின் நெஞ்சைப் பாருங்கள். அம்மா என் கையைப் பிடித்திருக்கிறாள், விடு என்றாலும் விடவில்லை, அவளுக்குப் பிடியே கிடையாதே, எப்படி இவ்வளவு இறுக்க